பல்லாங்குழியும் பீடிச் சொளவும்

போன மாதம் வண்ணார்பேட்டையில் தங்கச்சி வீட்டில் மூன்று நாள் இருந்தேன். பேராத்துச்செல்வி அம்மன் கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடந்து போகிற தூரத்தில் வீடு. போன அன்றைக்கே தங்கச்சி மகள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்களேன். ஆயிரத்து எண்ணூறு ரூவா குடுத்து வாங்கியிருக்கேன். சரியான சாமான்தானான்னு சொல்லுங்க."

அவள் பையனுக்கு நாலரை வயசு. எல்.கே.ஜி. படிக்கிறான். பென்சில் பிடிப்பு சரியில்லை, வீட்டில் 'ஃபைன் மோட்டார்' பயிற்சி கொடுக்கவும் என்று பள்ளிக்கூட டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நுண்தசைத் திறன் என்று தமிழில் சொல்கிறார்கள். விரல்களிலும் மணிக்கட்டிலும் உள்ள சிறு தசைகளைக் கண்ணோடு சேர்த்து இயக்கும் திறமை. அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. இணையத்தில் தேடியிருக்கிறாள், பெட்டி வந்துவிட்டது.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று, அதால் எடுத்துக் கிண்ணத்தில் போட வண்ணப் பஞ்சு உருண்டைகள், நூல் கோக்க ஓட்டை போட்ட மரத்துண்டு, பட்டன் மாட்டிக் கழற்ற ஒரு துணி, ஜிப் தைத்த இன்னொரு துணி, அழித்து அழித்து எழுதுகிற கோட்டுப் புத்தகம். மூடியில் 'மாண்டிசோரி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பையன் இடுக்கியால் பத்துப் பன்னிரண்டு உருண்டையை எடுத்துப் போட்டான். பிறகு இடுக்கியை முதலை வாயாக்கி என் மூக்கைக் கடிக்க வந்தான். அதோடு பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

சாயங்காலம் என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பையன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். காம்பைப் பிடித்து உருவினான், பாதி இலை கீழே. அவன் அம்மா, "ஆச்சி, எல்லாத்தையும் சிந்துதான் பாருங்க, எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள். "ஏட்டி, சிந்தினா பெறக்கிக்கிடலாம். நீ போ" என்று அம்மா அவளை அனுப்பிவிட்டார்கள். அரைமணி நேரம் அவன் எழுந்திருக்கவே இல்லை.

இதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இந்த வயசில் உள்ள எல்லோருக்கும் வரும் எண்ணம்தான். 'இதுக்கெல்லாம் பெட்டி எதுக்கு? நம்ம முன்னோர் பல்லாங்குழியிலும் தட்டாங்கல்லிலும் எல்லாத்தையும் வெச்சிட்டுப் போயிருக்காங்க.' வாட்ஸப்பில் வாரத்துக்கு ஒரு தடவை வரும் செய்தியும் இதுதான். ஊருக்குத் திரும்பி வந்து யோசித்தபோது பெட்டி மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் பாதி அந்தச் செய்தி மேலும் வந்துவிட்டது. இரண்டைப் பற்றியும் எழுதி வைக்கிறேன்.

கைக்குள் என்ன நடக்கிறது

முதலில் அந்த டைரி வரி. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். அது அனிச்சை. ஐந்தாறு மாதத்தில் போய்விடும். ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து தரையில் கிடக்கும் பொரியை எடுக்கப் பழகும். மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டி முக்கோணம் பார்த்து வரைவது பொதுவான வரிசை. பென்சிலை மூன்று விரலால் பிடித்து, மணிக்கட்டை நிறுத்தி, விரலை மட்டும் அசைத்து எழுதுவது பல பிள்ளைகளுக்கு ஐந்து ஆறு வயதில்தான் நிலைப்படுகிறது.

எலும்புக் கணக்கும் உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் பொதுவாக ஒன்றுகூடத் தெரியாது. ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் இறுகி வரும், கடைசி எலும்பு தெரிய ஒன்பது வயதுக்கு மேல் ஆகும். மருத்துவர்கள் கை எக்ஸ்ரேயை வைத்து எலும்பின் வயதைக் கணிப்பது இதனால்தான். நாலரை வயசுக் கை, பெரியவர் கையின் சின்ன அளவு கிடையாது. அதனிடம் நான்கு கோடு நோட்டில் எழுத்தை உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, வரவில்லை என்றதும் பலவீனம் என்று எழுதுகிறோம். அவசரம் பாடத்திட்டத்தில் இருக்கிறது, பட்டம் பையனுக்குக் கிடைக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் 'தானா வந்துரும்' என்று சொல்லவும் மாட்டேன். ஒரு கையை மட்டும் பயன்படுத்தாமலே இருப்பது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது, மற்றப் பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்கி இருப்பது என்றால் குழந்தை மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் அரசு மையங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி உண்மையான உதவி. நான் பேசுவது பயம் காட்டிப் பெட்டி விற்கிற விஷயத்தைப் பற்றி.

அந்தப் பெட்டி எதைப் பழக்குகிறது? பெரும்பாலும் ஒரே ஒரு அசைவை, இடுக்கி மாதிரி விரல் நுனி சேர்ந்து பிரிவதை. கை வேலை அதோடு முடிவதில்லை. சார்லட் எக்ஸ்னர் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் கைக்குள்ளேயே நடக்கும் அசைவுகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு பொருளை விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்குக் கொண்டுபோவது, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்குக் கொண்டுவருவது, நுனியிலேயே நகர்த்துவது, உருட்டித் திருப்புவது. பஸ்ஸில் கண்டக்டரைப் பாருங்கள். ஒரு கைநிறையச் சில்லறையை வைத்துக்கொண்டு, மற்றது சிந்தாமல், வேண்டிய நாணயத்தை மட்டும் விரல் நுனிக்குக் கொண்டுவருவார். இடுக்கி இதைச் சொல்லித்தராது.

பல்லாங்குழி சொல்லித்தரும். ஏழேழாக இரண்டு வரிசை, பதினாலு குழி. குழிக்கு ஐந்து என்றால் எழுபது முத்து. ஒரு குழியை வழித்துக் கையில் அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சின்ன விரலும் மோதிர விரலும் முத்தை அடைத்துப் பிடித்திருக்க, மற்ற மூன்று விரலும் ஒன்றை மட்டும் வெளியே தள்ளும். பென்சில் பிடிக்கும் கைக்கும் இதே வேலைப் பிரிவினைதான், இரண்டு விரல் தாங்க மூன்று விரல் நடத்தும். ஆக, வாட்ஸப் செய்தி கை விஷயத்தில் பொய் சொல்லவில்லை. மீதி விஷயத்தில்தான் வழுக்குகிறது.

தொ.ப. பார்த்த பல்லாங்குழி

பல்லாங்குழி என்றதும் நெல்லைக்காரனுக்கு தொ. பரமசிவன் ஞாபகம் வராமல் இருக்காது. பாளையங்கோட்டைக்காரர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2020 டிசம்பரில் காலமானார். 1997-ல் வந்த 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழி பற்றி அவர் எழுதிய கட்டுரை சின்னது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி நம்மைக் கூச்சப்பட வைக்கிற கட்டுரை. இரண்டு பேரும் சமமான சொத்தோடு தொடங்குகிறார்கள், ஆட்ட விதிகளே ஒருவரிடம் குவியவும் மற்றவரிடம் காலியாகவும் வைக்கின்றன, தோற்றவர் அதை இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறார். தனிச்சொத்து சமூகத்துக்குள் நுழைந்த கதையின் சாயலை அவர் அந்தக் குழிகளில் பார்த்தார். விளையாட்டு வெறும் விளையாட்டாக இருப்பதில்லை என்பது அவர் சொன்ன பாடம்.

என் குறை ஒன்றுதான். தொ.ப. முத்து எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார், முத்தைப் போடுகிற விரலைப் பார்க்கவில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இல்லை, சரி. இன்றைக்கு விரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேர் எதிர். விரலை மட்டும் பார்க்கிறார்கள், யாருடைய விரல் என்று கேட்பதில்லை. தொ.ப.வின் கேள்வியை விரல் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும்?

முதலில் கிடைப்பது, பல்லாங்குழியும் தட்டாங்கல்லும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் ஆட்டம் என்பது. பையன்களுக்குக் கோலியும் பம்பரமும் தெருவும். பெண்ணுக்குத் திண்ணையும் தார்சாவும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பைப் பாருங்கள். கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய அம்மி, ஆட்டுரல், திருகை, குடம், அடுப்பு. திருகையின் பிடியைச் சுற்றினால் மணிக்கட்டுக்கு நல்ல வேலை. ஆனால் அது எந்தப் பெண்ணுக்கு எந்த வேலை காத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. நான் சின்ன வயசில் சொப்பு சாமானைத் தொட்டால் 'என்னலே பொட்டப்பிள்ள மாதிரி' என்பார்கள். முன்னோர் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

இன்னொன்று. சங்கப் பாடல்களில் பெண்கள் கழங்கு ஆடுகிறார்கள் என்று சொல்லிப் புறநானூற்று 36-ஆம் பாட்டைக் காட்டுவார்கள். பொருநை மணலில் ஆடுகிறார்கள், ஆகவே நம் ஆற்றங்கரை என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அது ஆன்பொருநை, கருவூர்ப் பக்கத்து ஆறு, தாமிரபரணி அல்ல. ஆடிய கழங்கு பொன்னால் செய்தது என்பதையும் பாட்டே சொல்கிறது. பொன் கழங்கை மணலில் போட்டு ஆடுகிற பிள்ளைக்குப் பொழுது இருந்தது. பொழுது இல்லாத பிள்ளைகளின் விரல் என்ன செய்தது என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு வரலாறு இருக்கிறது.

விரலின் இன்னொரு வரலாறு

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடியில் சொளவு, சொளவில் இலையும் தூளும். நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டி எறிய வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் அம்மா சுற்றுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நுனி மடக்குவாள். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும், விரல் நுனியில் உருட்டல் வேண்டும், கண் பார்க்காமலே கை அளவு அறிய வேண்டும். எக்ஸ்னர் பட்டியலில் உள்ள எல்லா அசைவும் பீடிச் சொளவில் இருக்கிறது. அங்கே போய் யாரும் ஃபைன் மோட்டார் பயிற்சி என்று பலகை மாட்டவில்லை.

வடக்கே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று போனால் தீப்பெட்டி. குச்சியை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் வரியில் அடுக்குவது, பெட்டியில் நிரப்புவது, தாள் ஒட்டுவது. சின்ன விரல்தான் இதற்குத் தோது என்று தொழில் நடத்தியவர்கள் சொன்னார்கள். அவர்கள் மட்டும் சொல்லவில்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு 1991 சட்டத் தொகுதிகளில் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு செய்கிற இடத்தில் பிள்ளைகள் கூடாது என்ற அதே தீர்ப்பு, தரம் பிரிக்கவும் பொட்டலம் கட்டவும் இளம் கைகள் பொருத்தமானவை என்று சொல்லி, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு வெளியே அந்த வேலையை அனுமதித்தது. பெரியவர் கூலியில் குறைந்தது 60 சதவீதம் தர வேண்டும் என்றது. கை பொருத்தமானது, கூலி மட்டும் முழுசாக இல்லை! 1996 டிசம்பரில் வந்த இரண்டாம் தீர்ப்புதான் வேறு திசையில் போனது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி, தீப்பெட்டி வேலைகளைத் தடைப் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. பீடி பெருமளவு வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை. விலக்கின் வழியே எத்தனை விரல் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற வாசலை அப்போதும் திறந்தே வைத்தது.

ஆக, ஒரே விரல் அசைவு. இடுக்கிப் பெட்டியில் அது பயிற்சி, பல்லாங்குழியில் ஆட்டம், சொளவில் கூலி. அசைவை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை நடுவில் எழுந்து போகலாமா என்று கேட்டால்தான் சொல்ல முடியும். பீடி சுற்றுகிற பிள்ளை எண்ணிக்கை முடியாமல் எழுந்திருக்க முடியாது. தப்பாய்ச் சுற்றினால் கழித்துவிடுவார்கள், கூலியும் போகும். கீரை ஆய்கிற பையன் சிந்தலாம், பாதியில் ஓடலாம், நாளைக்கு வராமலும் இருக்கலாம். விரல் திறன் அவனுக்கே சொந்தமாவது அந்த இடத்தில்தான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூடியில் போட்டிருந்த பெயருக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம் தெரிகிறது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளோடு வேலையைத் தொடங்கியவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க் காலத்தில் இந்தியாவிலேயே தங்கிப் பல ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது எல்லாம் அவர் முறையில் உண்டு. மூன்று விரலால் குமிழைப் பிடித்துத் தூக்கும் மர உருளைகள் பென்சிலுக்கு முந்தைய ஆயத்தம். ஆனால் எதை எடுப்பது, எத்தனை தடவை செய்வது, எப்போது வைப்பது என்பது பிள்ளையின் முடிவு. அது முறையின் உயிர். பெட்டி சாமானை மட்டும் எடுத்துக்கொண்டது. கூடவே வந்த அட்டையில் 'தினம் 20 நிமிடம் செய்யவைக்கவும்' என்று இருந்தது. செய்யவைக்கவும் என்ற சொல்லோடு விளையாட்டு முடிந்துபோகிறது. பட்டன் மாட்டிக் கழற்றுகிற துணி எதற்கு என்றும் கேட்க வேண்டும். பையன் போட்டிருக்கிற சட்டையில் ஆறு பட்டன் இருக்கிறது. அதை அவன் போட விடாமல், நேரமாகிறது என்று அவன் அம்மா தினமும் போட்டுவிடுகிறாள்.

பள்ளிக்கூடமும் வீடும் அரசும் இப்போது பெட்டி வழியில்தான் யோசிக்கின்றன. மூன்றிலிருந்து எட்டு வயதுக்கென்று 2023 பிப்ரவரியில் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டதன் பெயரே 'ஜாதுயி பிடாரா', மாயப் பெட்டி. பொம்மை, புதிர், அட்டை என்று உள்ளே நல்ல சாமான்கள் இருக்கின்றன, எனக்கு அதில் சண்டை இல்லை. பெட்டியைத் திறக்க நேரமும், திறந்தபின் சும்மா இருக்கிற பெரியவரும் வேண்டும் என்பதுதான் என் கவலை. சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அரவிந்த் குப்தா பிள்ளைகளுக்கு உருவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். தீக்குச்சிக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மருமகளிடம் சொன்னது

கிளம்புகிற அன்றைக்கு அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். காலையில் பத்து நிமிஷம் முன்னாடி எழுப்பு, சட்டைப் பட்டனை அவனே போடட்டும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடு. துணி காயப்போடும்போது கிளிப்பை அவன் மாட்டட்டும், விரலுக்கு அதைவிட நல்ல இடுக்கி கிடையாது. கொடியை எட்டிப் பிடிப்பதில் தோளும் உறுதிப்படும், தோள் நின்றால்தான் விரல் நிற்கும். அதனால் மரமேறுவதையும் மண்ணைத் தோண்டுவதையும் தடுக்காதே. கோலப்பொடியைக் கொஞ்சம் கொடு, பையன்தானே என்று பார்க்காதே. பல்லாங்குழி ஆடலாம், ஆனால் புளியமுத்து போதும். குன்றிமணியை வைக்காதே, கடித்து மென்றால் விஷம், பார்க்க மஞ்சாடி மாதிரியே சிவப்பாக இருக்கும். மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் புளியமுத்தும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

"டைரில என்ன எழுத மாமா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம், ஆறு மாசம் குடுங்கன்னு எழுது. பெறவும் சரியில்லன்னா டாக்டர்ட்ட காட்டுவோம்."

அவள் முகத்தில் பாதித் திருப்திதான். பெட்டிக்குக் கொடுத்த ரூபாயும் மனசில் இருந்திருக்கும்.

அம்மா அப்போது பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் நானும் என்று நாரைப் பிடுங்கினான். அம்மா அவன் இரண்டு விரலுக்கு இடையில் நாரைப் போட்டு, பூவை வைத்து, சுற்றி இழுக்கக் காட்டினார்கள். ஒன்று அவிழ்ந்தது, ஒன்று நசுங்கியது, மூன்றாவது நின்றது. "போதும்" என்று எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டான். யாரும் கூப்பிடவில்லை.